குமிழி நின்ற வாளி: ஒரு முதல் பீரின் நொதித்தல் பற்றிய நிகழ்வு ஆய்வு

முதன்முறையாக வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குப் பயம் வருவது முதல் இரண்டு நாளில். ஈஸ்ட் போட்டாயிற்று, வாளியை மூடியாயிற்று, ஒன்றும் அசையவில்லையே என்ற பயம். ஆனால் அந்தக் கட்டத்தில் கெட்டுப்போகும் பீர் மிகக் குறைவு. ஆபத்து இருப்பது மறுமுனையில்: குமிழி அடங்கி, நுரை விழுந்து, மனசும் ஆறி, பாட்டில் கழுவத் தொடங்கும் நேரத்தில். இந்த நிகழ்வில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. நன்றாக நொதித்துக்கொண்டிருந்த பீரைச் செத்துவிட்டது என்று நினைத்தார்கள். பாதியில் படுத்துவிட்ட பீரை முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு முறையும் ஏமாற்றியது வாளி மூடியில் செருகியிருந்த ஏர்லாக்தான், அதாவது உள்ளிருக்கும் வாயுவைக் குமிழியாக வெளியே விடும் சிறு அடைப்பான்.

காய்ச்சியவர் என் நண்பர். எதையும் நேரம் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. "ரெண்டு மூணு நாள் முன்னாடி", "கொஞ்சம் குளிரா இருந்துச்சு" என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நொதித்தலில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பின்னணி

20 லிட்டர் ஏல் (அறை வெப்பநிலையை ஒட்டி நொதிக்கும் பீர் வகை). 2.6 கிலோ உலர் மால்ட் சாற்றுப் பொடியைப் பாதி அளவு தண்ணீரில் கரைத்து, ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தார். ஆறவைத்து, கிருமிநீக்கம் செய்த பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, மீதி அளவைக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பினார். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய இந்த இனிப்புக் கரைசலுக்கு வோர்ட் என்று பெயர். வோர்ட் 24 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து மேலே தூவினார். 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்பது இந்த அடர்த்தியுள்ள ஏலுக்கு வழக்கமான அளவு. பாக்கெட்டில் இரண்டு விவரம் இருந்தது: ஏற்ற வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி, எதிர்பார்க்கக்கூடிய நொதிப்பு அளவு, அதாவது சர்க்கரையில் ஈஸ்ட் தின்றுமுடிப்பதாகத் தெரியும் பங்கு, 73 முதல் 77 சதவீதம். வேலை முடிந்ததும் வேகமாக அடியில் படியும் ரகம் என்பதையும் போட்டிருந்தார்கள். இந்தக் கடைசி விவரத்தை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னால் இதுதான் பெரிதானது.

மூடியில் ரப்பர் வளையம், நடுவில் ஏர்லாக். அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் கரியமில வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. அதன் வேலை அவ்வளவுதான். அளவுமானியாக யாரும் அதைச் செய்யவில்லை. திறந்த தொட்டிகளில் நொதிக்கவைத்தே தலைமுறை தலைமுறையாகப் பீர் செய்த மதுபான ஆலைகள் உண்டு, இன்றும் உண்டு. அங்கே எண்ணுவதற்குக் குமிழியே கிடையாது.

முதல் எண்ணில் முதல் குழப்பம்

ஈஸ்ட் போடுமுன் ஹைட்ரோமீட்டரில், அதாவது திரவத்தில் மிதந்து அதன் ஒப்படர்த்தியைக் காட்டும் கருவியில், பார்த்தது 1.039. (தண்ணீருக்கு 1.000. சர்க்கரை கரைந்தால் எண் கூடும், நொதிக்க நொதிக்க இறங்கும்.) செய்முறைக் குறிப்பு சொன்னது 1.048. 9 புள்ளி குறைவு. (ஒப்படர்த்தியின் மூன்றாவது தசம இடத்தில் ஒன்று கூடுவதையோ குறைவதையோ ஒரு புள்ளி என்பது காய்ச்சுபவர்களின் வழக்கு.) எடுத்த எடுப்பிலேயே தோற்றுவிட்டதாக நினைத்தார்.

மால்ட் சாற்றுப் பொடியில் காய்ச்சும்போது இந்தக் கவலைக்கு இடமே இல்லை. தானியத்திலிருந்து சர்க்கரையைப் பிழிந்தெடுப்பவருக்குத்தான் எவ்வளவு இறங்கியது என்ற கேள்வி வரும். பொடியில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. வாளிக்குள் போனது எங்கும் போகாது. ஒரு கிலோ பொடி 10 லிட்டரில் கரைந்தால் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.037 வரும். 2.6 கிலோவுக்கும் 20 லிட்டருக்கும் கணக்குப் போட்டால் 1.048. ஆக, கணக்கு சரி, மாதிரிதான் தவறு.

தவறு இரண்டு இடத்தில். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்காகச் செய்தது. 24 டிகிரியில் திரவம் சற்று லேசாக இருப்பதால் ஒரு புள்ளி குறைத்துக் காட்டும். 30 டிகிரி என்றால் இரண்டரைப் புள்ளி. மிச்சமுள்ள 8 புள்ளிக்குக் காரணம் கலக்காமல் விட்டது. அடர்த்தியான கொதித்த வோர்ட் கீழே, பின்னால் ஊற்றிய தண்ணீர் மேலே. மேலாக முகந்த மாதிரி நீர்த்துத்தான் இருக்கும். முதல்முறை காய்ச்சுபவர்களில் பலர் ஆரம்ப அளவீடு குறைவு என்று பதறுவது இதனால்தான். நொதித்தல் தொடங்கினால் எழும் வாயுவே எல்லாவற்றையும் கலக்கிவிடும். எனவே ஆரம்ப ஒப்படர்த்தியை 1.048 என்றே எடுத்துக்கொண்டோம்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் 1.039 என்பதையே பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்த 1.022 அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது. தொடக்கப் புள்ளி தவறானால் எவ்வளவு இறங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தவறிவிடும்.

முதல் பயம்: 30 மணி நேரம், குமிழி இல்லை

மறுநாள் இரவு போன் வந்தது. "ஒரு குமிழிகூட வரலைங்க. ஈஸ்ட் செத்துப்போச்சு போல. இன்னொரு பாக்கெட் போட்டுடவா?"

உலர் ஈஸ்ட் வோர்ட்டில் விழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடாது. நீரை உறிஞ்சி எழுந்து, சூழலுக்குப் பழகி, பெருகத் தொடங்க வேண்டும். வெளியே எதுவும் தெரியாத இந்த இடைவேளை 6 மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். குளிர்ந்த வோர்ட்டில் இன்னும் நீளும். 72 மணி நேரம் வரை பொறுக்கலாம் என்பது காய்ச்சுபவர்களிடையே உள்ள பொதுவான எல்லை. அதையும் தாண்டி ஒன்றுமே இல்லை என்றால் கவலைப்பட்டே ஆக வேண்டும். ஈஸ்ட் பிடிக்காத வோர்ட் வெறும் சர்க்கரைத் தண்ணீர். அமிலத்தன்மையும் குறைவு, ஆல்கஹாலும் இல்லை. பாக்டீரியா குடியேற அதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஈஸ்ட் பிடித்துவிட்டால் ஓரிரு நாளில் பிஎச் 5க்கு மேலிருந்து 4.5க்குக் கீழே இறங்கி, பெரும்பாலான கிருமிகளுக்கு வாசல் அடைபட்டுவிடும்.

30 மணி நேரம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் "பொறுங்க" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது. பயந்திருப்பவருக்குச் செய்வதற்கு ஏதாவது வேலை வேண்டும். இரண்டு வேலை சொன்னேன்.

முதலாவது, இருட்டில் வாளியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் திரவ மட்டம் நிழலாகத் தெரியும். பார்த்தார்: திரவத்துக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்துக்கு இன்னொரு மங்கலான பட்டை. நுரை. புரதமும் ஈஸ்ட்டும் ஹாப் பிசினும் சேர்ந்து மேலே திரளும் அந்த நுரையை வாயு எழாமல் எதுவும் தூக்கி நிறுத்தாது.

இரண்டாவது, மூடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்துவது. ஏர்லாக் தண்ணீர் ஒரு பக்கம் உயர வேண்டும். அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால் உயர்ந்த நிலையிலேயே நிற்க வேண்டும். அவர் அழுத்தியபோது உயர்ந்தது, கையை எடுப்பதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பியது. மூடி ஓரத்தில் கசிவு. வாயு சுலபமான வழியில் போகும். ரப்பர் வளையம் ஒரு விரல் அகலத்துக்கு மடங்கியிருந்தால் போதும், ஏர்லாக் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக அதற்கு அவசியமே இல்லை.

எவ்வளவு வாயு அப்படி நழுவியிருக்கும்? 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கரியமில வாயு. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 1.048 அடர்த்தியுள்ள 20 லிட்டரில் சுமார் இரண்டரைக் கிலோ கரைபொருள். ஈஸ்ட் உண்மையில் தின்பது ஒன்றரைக் கிலோ அளவு. அதிலிருந்து 700 கிராமுக்கு மேல் வாயு, கன அளவில் ஏறத்தாழ 400 லிட்டர். வாளியைப் போல 20 வாளி வாயு, மூடி ஓரத்துக் கீறல் வழியாகச் சத்தமில்லாமல் போய்விட முடியும்.

44ஆம் மணியில் மாதிரி எடுத்து அளந்தார். எடுத்தவுடன் 1.037. இரண்டு டம்ளருக்கு இடையே பத்துப் பதினைந்து முறை மாற்றி ஊற்றி, நுரை அடங்கியபின் மறுபடி பார்த்தபோது 1.034. முதல் எண் உயர்ந்து நின்றதற்குக் காரணம் ஹைட்ரோமீட்டர் தண்டில் ஒட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள். அவை கருவியைத் தூக்கிப்பிடிக்கும். நொதிக்கும் பீரை வாயு நீக்காமல் அளந்தால் எண் எப்போதும் கூடுதலாகவே காட்டும். அளந்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்றக் கூடாது. குடித்துப் பார்க்கலாம், பார்ப்பது நல்லது.

1.048இலிருந்து 1.034. ஒரு குமிழிகூட வராமலே 14 புள்ளி இறங்கியிருந்தது. இரண்டாவது பாக்கெட் ஈஸ்ட் பெட்டியிலேயே இருந்தது. பின்னால் அதற்கு வேறு வேலை வந்தது.

இடையில் வந்த சில்லறைக் கவலைகள்

மூன்றாம் நாள் அழுகிய முட்டை வாடை. கந்தகச் சேர்மம், சில ஈஸ்ட் ரகங்கள் தீவிரமாக நொதிக்கும்போது விடுவது, வாயுவோடு போய்விடும். பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு. முதிராத பீரின் அடையாளம். வெண்ணெய் வாடை வந்தால் டைஅசிட்டைல். ஈஸ்ட்டோடு சில நாள் விட்டால் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது வினிகர் வாடைக்கும், மேற்பரப்பில் பஞ்சு போல வளரும் பூஞ்சைக்கும், உலர்ந்த ஏடு போலப் படர்ந்து சுருங்கி நிற்கும் வெண்படலத்துக்கும். அவர் படம் எடுத்து அனுப்பியது வாளிச் சுவரில் ஒட்டிய பழுப்பு வளையம். நுரை உயர்ந்து இறங்கிய தடம் அது. வாளி நொதித்தது என்பதற்கு அதைவிட மலிவான ஆதாரம் கிடையாது.

இரண்டாவது ஏமாற்றம்: முடிந்துவிட்டது

மூடியின் ரப்பர் வளையத்தைச் சரிசெய்ததும் ஏர்லாக் துடிக்கத் தொடங்கியது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நொடிக்கொரு குமிழி. ஐந்தாம் நாள் குறைந்தது. ஆறாம் நாள் நின்றது. நுரையும் விழுந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் திரவம் தெளியத் தொடங்கியிருந்தது, அடியில் விரற்கடை அளவு வண்டல். புத்தகத்தில் எழுதியிருப்பது போல எல்லா அடையாளமும் வரிசையாக வந்துவிட்டன.

எட்டாம் நாள் அளவீடு 1.022. பத்தாம் நாள் 1.022. "ரெண்டு மூணு நாள் இடைவெளியில ரெண்டு தடவை ஒரே எண் வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்ற விதி அவருக்குத் தெரியும். விதிப்படி நடந்தார். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார், அதுவும் எவ்வளவு சர்க்கரை போடுவது என்று கேட்க.

அந்த விதி பாதி உண்மை. எண் மாறாமல் நின்றால் நொதித்தல் இப்போது நடக்கவில்லை என்று பொருள். நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது என்று அது சொல்லாது. முடிந்த பீருக்கும் தூங்கும் பீருக்கும் அந்த இரண்டு அளவீடும் ஒன்றுபோலவே இருக்கும். இதைப் பிரித்துச் சொல்லாமல் "ஒரே எண் இரண்டு தடவை" என்று மட்டும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அரைகுறைப் பாடம் என்பது என் அபிப்பிராயம்.

பிரித்துக்காட்டுவது எதிர்பார்ப்பு. 48 புள்ளியில் 26 இறங்கியிருக்கிறது; 54 சதவீதம். ஈஸ்ட் பாக்கெட் சொன்னது 73க்குக் குறையாமல். 75 சதவீதம் என்று வைத்தால் பீர் 1.012இல் நிற்க வேண்டும். 10 புள்ளி பாக்கி.

(இந்தச் சதவீதம் தோற்றக் கணக்குதான். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் ஹைட்ரோமீட்டர், சர்க்கரை உண்மையில் குறைந்ததைவிட அதிகம் குறைந்தது போலக் காட்டும். உண்மையான அளவு அதில் ஐந்தில் நான்கு பங்கு. அடர்த்தி அளக்கும் கருவியை 1784 வாக்கில் இங்கிலாந்து மதுபான ஆலைகளில் பிரபலப்படுத்தியவர் ஜான் ரிச்சர்ட்சன். தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டில் பிராகில் கார்ல் பாலிங் அட்டவணை போட்டு வகுத்தார். ஈஸ்ட் பாக்கெட்டில் அச்சடிக்கும் எண்ணும் தோற்றக் கணக்கே என்பதால் ஒப்பிடுவதில் குழப்பம் வராது.)

10 புள்ளி என்பது நாக்குக்குச் சற்று இனிப்பு, அவ்வளவுதான். பாட்டிலுக்குள் அது வேறு விஷயம். ஒரு புள்ளி நொதித்தால் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ அரை லிட்டர் வாயு உண்டாகும். 10 புள்ளிக்கு 5 லிட்டர். குடிக்கும் பீரில் லிட்டருக்குச் சுமார் 2.4 லிட்டர் கரைந்திருப்பது வழக்கம். அதற்காகத்தான் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம். இரண்டையும் கூட்டினால் 7க்கு மேல். தடித்த கண்ணாடியில், கம்பி கட்டி அடைக்கும் ஷாம்பெயினிலேயே 6 அளவுதான். சாதாரண பீர் பாட்டில் அதில் பாதியைத் தாண்டினாலே நம்ப முடியாதது. ஈஸ்ட் குளிரில் தூங்கும் வரை பாட்டில் அமைதியாக இருக்கும். வெயில் ஏறிய ஒரு நாளில் விழித்துக்கொண்டால் கண்ணாடி சிதறும். கையையும் கண்ணையும் இழக்கச்செய்யும் விபத்து இது.

கவிழ்த்த பாட்டில்களை அப்படியே விடச் சொன்னேன்.

உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா?

இங்கே அவசரப்பட்டு "நின்றுபோன நொதித்தல்" என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. மால்ட் சாற்றில் செய்த பீர் 1.018, 1.020 என்று உயரத்திலேயே முடிந்துவிடுவது உண்டு. சாறு தயாரித்த விதத்தைப் பொறுத்து, ஈஸ்ட்டால் உடைக்க முடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் அதில் கூடுதலாக இருக்கலாம். அப்படியானால் 1.022 என்பதே அந்த பீரின் தரைமட்டம். எத்தனை வாரம் காத்திருந்தாலும் இறங்காது, பாட்டிலில் அடைத்தாலும் ஆபத்தில்லை. ஹைட்ரோமீட்டரே பொய் சொல்லவும் வாய்ப்புண்டு: உள்ளே இருக்கும் காகித அளவுகோல் நழுவியிருந்தால் எல்லா எண்ணும் ஒரே அளவு தள்ளிப்போகும். அதை உடனே சோதித்தார். 20 டிகிரித் தண்ணீரில் 1.000. கருவி சரி.

தரைமட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு, வாளியைத் தொடாமலே செய்யலாம். 250 மில்லி பீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்தார். பெட்டியில் கிடந்த அந்த இரண்டாவது பாக்கெட்டிலிருந்து பாதியை அதில் போட்டார். 20 லிட்டருக்குப் போடும் ஈஸ்ட்டில் பாதி, கால் லிட்டருக்கு. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும் இடத்தில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்கினார். இந்தப் புட்டியின் ருசியைப் பற்றிக் கவலையில்லை. கலப்புக் கிருமி வந்தாலும் இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. இவ்வளவு ஈஸ்ட்டும் இவ்வளவு சூடும் கொடுத்தும் தின்னாத சர்க்கரையை வாளியிலுள்ள ஈஸ்ட் ஒருபோதும் தின்னப்போவதில்லை.

48 மணி நேரம் கழித்து, வாயு நீக்கி, ஈஸ்ட் படிய விட்டு, 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தார். 1.012.

ஆக, சர்க்கரை இருக்கிறது. இந்த ஈஸ்ட்டால் தின்னக்கூடிய சர்க்கரைதான். வாளியில் இருப்பது தின்னவில்லை.

ஏன் நின்றது

குறிப்பேட்டில், வாளியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டையின் எண்கள் இருந்தன. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் 23. நான்காம் நாள் 21. ஐந்தாம் நாள் 18. ஆறாம் நாள் காலை 15. அதன்பின் 15ஐச் சுற்றியே. அறை வெப்பநிலையையும் அவர் தனியாக எழுதியிருந்தார்: முதல் சில நாள் 20, நான்காம் நாள் இரவிலிருந்து 14.

நொதித்தல் வெப்பத்தை வெளியிடும். உச்சத்தில் இருக்கும்போது வாளி அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். மூன்றாம் நாளில் தெரிந்த 3 டிகிரி வித்தியாசம் அதுதான். வேகம் குறையும்போது அந்தச் சூடும் குறையும். இயல்பாக வாளி அறை வெப்பநிலைக்கு இறங்கும். இங்கே அதே நேரத்தில் அறையும் 6 டிகிரி குளிர்ந்துவிட்டது. இரண்டு சரிவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததில், மூன்று நாளில் 8 டிகிரி. 18க்குக் கீழே போகக் கூடாது என்று சொன்ன ஈஸ்ட், 15இல். வேலை செய்வது போதும் என்று முடிவுகட்டிக் கூட்டம்கூட்டமாக ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிட்டது. வேகமாகப் படியும் ரகம் என்று பாக்கெட்டில் இருந்ததே, இதைத்தான் சொன்னது. படியும் குணம் குறைந்த ஒரு ரகமாக இருந்திருந்தால், அதே 15 டிகிரியிலும் மிதந்தபடியே மெதுவாகத் தின்றுகொண்டிருந்திருக்கக்கூடும்.

ஈஸ்ட் போதாமல் போயிருக்குமோ என்றால், தொடக்கம் அதற்கு எதிராகப் பேசுகிறது: 44 மணி நேரத்தில் 14 புள்ளி இறக்கிய ஈஸ்ட் எண்ணிக்கையில் குறைவானதல்ல. வோர்ட்டுக்குக் காற்று ஊட்டாததையும் குற்றம் சொல்ல முடியாது. உலர் ஈஸ்ட் தயாரிக்கும்போதே அதற்கு வேண்டிய கொழுப்புப்பொருள் சேமிப்பு செல்லுக்குள் இருப்பதால், முதல்முறை பயன்படுத்தும்போது காற்றூட்டுவது கட்டாயமில்லை.

தெளியத் தொடங்கியதை நல்ல அடையாளமாக அவர் படித்திருந்தார். அடையாளங்களில் எனக்கு மிகவும் சந்தேகம் உள்ளது இதுதான். தெளிவு என்பது ஈஸ்ட் கீழே போய்விட்டது என்ற செய்தி மட்டும். வேலையை முடித்துவிட்டுப் போனதா, பாதியில் போட்டுவிட்டுப் போனதா என்பது அதில் இல்லை. நாக்கு அதைவிட நேர்மையாகச் சொல்லியிருந்தது. எட்டாம் நாள் மாதிரிக்கு எதிரே அவரே எழுதியிருந்த குறிப்பு: "நல்லா இருக்கு, கொஞ்சம் திகட்டுது."

எழுப்பியது

வாளியைச் சூடான அறைக்கு மாற்றி, போர்வை சுற்றி, 21 டிகிரிக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறக்காமல், வாளியைச் சாய்த்துச் சாய்த்து மெல்லச் சுழற்றி, அடியில் படிந்ததை மேலே எழுப்பினார். குலுக்கவில்லை. ஆல்கஹால் உண்டான பிறகு பீரில் காற்று கலந்தால், நாளாவட்டத்தில் நனைந்த அட்டை போன்ற ருசி ஏறும்.

ஒரு மணி நேரத்தில் போன். "விழிச்சுக்கிச்சுங்க, சடசடன்னு குமிழி வருது!"

மூன்றாவது முறையாக அதே ஏர்லாக். குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரையும், சூடானால் கழன்று வரும். 15 டிகிரியில் ஒரு லிட்டர் பீர் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயுவைத் தானாகவே வைத்திருக்கும். 21 டிகிரியில் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சற்று மிஞ்சும். 20 லிட்டருக்கு அந்த வித்தியாசம் 3 லிட்டர் வாயு. ஈஸ்ட் ஒரு செல்கூடக் கண் திறக்காவிட்டாலும் இத்தனை குமிழி வந்தே தீரும். போதாததற்கு வாளியைச் சுழற்றியும் இருக்கிறார். நான் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் அளந்தார்: 1.022.

மூன்றாம் நாள் 1.019. அதில்தான் நம்பிக்கை வந்தது, அப்போது ஏர்லாக் ஏறக்குறைய சும்மா இருந்தது. ஆறாம் நாள் 1.014. ஒன்பதாம் நாள் 1.013, பன்னிரண்டாம் நாள் 1.013.

இறங்காமலிருந்தால் அடுத்து என்ன என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். மிச்சமிருந்த பாதிப் பாக்கெட்டை அப்படியே மேலே தூவுவது பலன் தருவது அரிது. ஆல்கஹாலும் அமிலமும் உள்ள, சத்து தீர்ந்துபோன திரவத்தில் காய்ந்த ஈஸ்ட் எழுந்து நிற்கத் திணறும். சிறிதளவு புதிய வோர்ட்டில் அதை எழுப்பி, நுரை பொங்கித் தீவிரமாக நொதித்துக்கொண்டிருக்கும்போதே வாளியில் ஊற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் ஓட்டத்தை நிறுத்தாது. சர்க்கரை சேர்த்துத் தூண்டிவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் யாரிடமிருந்தாவது வரும். ஏற்கெனவே கிடக்கும் சர்க்கரையைத் தின்னாமல் படுத்திருப்பதற்கு இன்னும் சர்க்கரை எதற்கு?

கணக்கு முடிந்தது

1.013. சோதனைப் புட்டி காட்டிய 1.012க்கு ஒரு புள்ளி மேலே. வாளி அந்த எல்லையைத் துல்லியமாகத் தொட வேண்டும் என்பதில்லை. ஒரு புள்ளி மிச்சம் பாட்டிலில் அரை அளவு வாயுவுக்கு மேல் கூட்டாது. தோற்றக் கணக்கில் 73 சதவீதம், பாக்கெட் சொன்ன எல்லையின் கீழ் ஓரம். ஆல்கஹால்: இறங்கிய 0.035ஐ 131.25ஆல் பெருக்கினால் 4.6 சதவீதம்.

வண்டலை விட்டுவிட்டு எடுத்தது 18.5 லிட்டர். 21 டிகிரியில் பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவைக் கழித்து, 2.4 அளவுக்குத் தேவையான சர்க்கரை 110 கிராம். எல்லாவற்றையும் கண்ணாடியில் அடைக்காமல் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பச் சொன்னேன். மற்ற பாட்டில்களில் அழுத்தம் எவ்வளவு என்பதை அதைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அது பாறை போல இறுகி, அடிப்பாகம் புடைத்தால் மற்றவற்றை உடனே குளிரில் வைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒவ்வொன்றாக வாயுவைத் திறந்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் அது இறுகியது, புடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திறந்த முதல் பாட்டிலில் ஒரு டம்ளரைக் குடிக்காமல் ஒதுக்கி, வாயு முழுக்கப் போகும்வரை மாற்றி மாற்றி ஊற்றி, ஹைட்ரோமீட்டரை இறக்கினார். சேர்த்த சர்க்கரை நொதித்துத் தீர்ந்திருந்தது, அதற்குக் கீழே எதுவும் இறங்கவில்லை: 1.013.